வீடு முழுவதும் வைஃபை: மெஷ் அமைப்பைத் திட்டமிட்டுப் பொருத்தும் முறை

ஃபைபர் இணைப்பு பரவலான பிறகு, இணையம் வீட்டு வாசல்வரை நல்ல வேகத்தில் வந்து சேர்ந்துவிடுகிறது. வாசலைத் தாண்டிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. இணைப்புக் கொடுக்க வருபவர் கம்பத்திலிருந்து கேபிள் இழுக்க எளிதான சுவரில் துளையிட்டு, அதற்கு மிக அருகிலுள்ள பிளக்கில் மோடத்தை மாட்டிவிட்டுப் போகிறார். அந்த இடம் பெரும்பாலும் முன்கூடத்தின் ஒரு மூலையாகவோ தொலைக்காட்சிக்குப் பின்புறமாகவோ அமைந்துவிடுகிறது. பின்பக்க அறையில் படிக்கும் பிள்ளைக்கு இணைய வகுப்பு நின்று நின்று வருகிறது. மாடியில் அமர்ந்து அலுவலக வேலை பார்ப்பவருக்குக் காணொளி அழைப்பு துண்டிக்கப்படுகிறது. உடனே பலரும் 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மாதக் கட்டணம் கூடுகிறதே தவிர, மாடி அறையில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. தடை இருப்பது திட்டத்தில் அல்ல, இடையிலுள்ள சுவர்களிலும் கான்கிரீட் தளத்திலும்தான்.

இதற்குத் தீர்வாக இப்போது மெஷ் வைஃபை அமைப்புகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. இரண்டு அல்லது மூன்று யூனிட்டுகளை வீட்டின் வெவ்வேறு இடங்களில் வைத்தால், அவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் வீடு முழுவதும் வைஃபை தரும். முறையாகப் பொருத்தினால் இது மிக நல்ல தீர்வு. ஆனால் பெட்டியைப் பிரித்து, கிடைத்த பிளக்குகளில் மாட்டிவிட்டால் மட்டும் போதாது. யூனிட்டுக்கும் யூனிட்டுக்கும் இடையே உள்ள இணைப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கடைசி அறையில் வேகம் கிடைக்கும். இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு படியும் அந்த இணைப்பைச் சரியாக அமைப்பதையே நோக்கமாகக் கொண்டது. தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட, செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் உள்ள தனி வீட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: குறை எங்கே என்று அளந்து பார்த்தல்

எதையும் வாங்கும் முன், இணையம் வீட்டுக்குள் முழு வேகத்தில் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். மடிக்கணினி ஒன்றை நெட்வொர்க் கேபிள் மூலம் மோடத்தின் லேன் துளையில் நேரடியாக இணைத்து வேகத்தைச் சோதியுங்கள். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 90-க்கு மேல் வந்தால் நிறுவனத்தின் பக்கம் குறையில்லை. அங்கேயே 20, 30 என்று வந்தால் அது நிறுவனத்திடம் புகார் அளிக்க வேண்டிய குறை; எத்தனை மெஷ் யூனிட்டுகள் வாங்கினாலும் அது தீராது. எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். திட்டத்தின் வேகம் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பு இறங்கும் வேகத்தைக் கணினி பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் காட்டுகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இது குறையன்று.

அடுத்து சிக்னல் வலிமையை அளக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி செயலியில் உள்ள வைஃபை ஸ்கேனரை அமைப்புகளில் இயக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். சிக்னல் டிபிஎம் என்ற அலகில், எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். பூஜ்யத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு வலிமை. மோடத்தின் அருகே மைனஸ் 30 அல்லது 40 இருக்கும். மைனஸ் 60 வரை மிக நன்று. காணொளி அழைப்பு தடையின்றி நடக்க மைனஸ் 67-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மைனஸ் 75-க்குக் கீழே போனால் பக்கங்கள் திறக்கத் தாமதமாகும். மைனஸ் 80-இல் கோடுகள் தெரிந்தாலும் இணைப்பு நிலைக்காது. இந்த அலகில் 3 குறைந்தால் சிக்னலின் ஆற்றல் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை நினைவில் கொண்டால், மைனஸ் 60-க்கும் 70-க்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிது என்று விளங்கும்.

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தை உத்தேசமாக வரைந்துகொண்டு, செயலியைத் திறந்து வைத்தபடி மெதுவாக நடங்கள். கூடத்தில் மைனஸ் 45 காட்டும் கைப்பேசி, படிக்கட்டின் நடுவில் திரும்பும் இடத்தில் மைனஸ் 62 காட்டக்கூடும். மாடியறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் 78-க்கு இறங்கிவிடக்கூடும். ஒவ்வோர் அறையிலும் நீங்கள் உண்மையில் அமரும் இடத்தில், அதாவது படிப்பு மேசையிலும் கட்டில் தலைமாட்டிலும், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். யூனிட்டுகளை எங்கே வைப்பது என்ற முடிவையும், பொருத்திய பிறகு பலன் கிடைத்ததா என்ற கேள்வியையும் இந்தத் தாள்தான் தீர்த்துவைக்கும்.

எந்தப் பொருள் எவ்வளவு தடுக்கிறது

2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 முதல் 6 சென்டிமீட்டர். முன்னது சுவர்களை ஓரளவு ஊடுருவிச் செல்லும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் நெரிசலும் அதிகம். பின்னது வேகமானது, ஆனால் சுவரில் எளிதில் தேய்ந்துவிடும். ஜிப்சம் பலகைச் சுவர்கள் உள்ள அமெரிக்க வீடுகளை வைத்துப் பெட்டியின் மேல் அச்சிடப்படும் சதுர அடிக் கணக்கு, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் உள்ள நம் வீடுகளுக்கு ஒத்துவராது. 5,000 சதுர அடி என்று போட்டிருந்தால் அதில் பாதியைக்கூட எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

உலோகமும் நீரும் மிகப் பெரிய தடைகள். இரும்பு பீரோ, குளிர்சாதனப் பெட்டி, பெரிய முகம்பார்க்கும் கண்ணாடி, மீன்தொட்டி, மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் நிழலில் சிக்னல் திடீரென விழும். மோடத்தையும் படுக்கையறையையும் இணைக்கும் நேர்கோட்டில் ஒரு பீரோ நின்றால், அதை எதிர்ச் சுவருக்கு நகர்த்துவதே சில வீடுகளில் போதுமான தீர்வாகிவிடும். சமையலறையிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்குவதால், அது ஓடும் சில நிமிடங்கள் அந்த அலைவரிசையில் தடுமாற்றம் இருக்கும். இதற்கு மாறாக, படிக்கட்டுப் பகுதி நமக்குத் துணை. தளம் திறந்திருக்கும் ஒரே இடம் அதுவாகையால், தரைத்தளத்துச் சிக்னல் அதன் வழியாகவே மாடிக்குச் சிறப்பாக ஏறுகிறது.

மெஷ் உண்மையிலேயே தேவையா

இரண்டு எளிய வழிகளை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, மோடத்தை வீட்டின் நடுவுக்கு மாற்றுவது. உள்ளே வரும் ஃபைபர் கேபிளை நீட்டித்து, கூடத்தின் நடுச்சுவரில் ஐந்தடி உயரத்தில் மோடத்தை மாட்டித்தருமாறு இணைப்பு நிறுவனத்தின் பணியாளரிடம் கேட்டால், சிறு கட்டணத்துக்குச் செய்துதருவார்கள். அந்தக் கேபிளை நாமாகவே மடக்கவோ ஆணி அடித்து இறுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் கண்ணாடி இழை கூர்மையாக வளைந்தால் ஒளி கசிந்து, மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். இரண்டாவது, ஒரே ஓர் அறையில் மட்டும் குறையிருந்தால், அங்கே ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து, அதன் முனையில் சாதாரண ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வைஃபையை மட்டும் பரப்புமாறு அமைத்து மாட்டுவது. பழைய ரவுட்டர் கையில் இருந்தால் செலவு கேபிளுக்கு மட்டும்தான்.

இருக்கும் வைஃபை சிக்னலை வாங்கி மீண்டும் பரப்பும், குறைந்த விலையில் கிடைக்கும் எக்ஸ்டெண்டர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல வகைகள் ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிறது. கைப்பேசி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போகும்போது இணைப்பு மாறுவதற்கும் அவை உதவுவதில்லை. இரண்டு மூன்று அறைகளில் குறை, மாடியிலும் குறை, வீட்டில் நடந்துகொண்டே பேசும் பழக்கம் உண்டு என்றால், அப்போது மெஷ் அமைப்புத்தான் சரியான தேர்வு.

கேபிள் இழுக்க முடியுமா என்பதே முதன்மையான கேள்வி

மெஷ் யூனிட்டுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழியை பேக்ஹால் என்கிறார்கள். அது காற்று வழியாகவும் இருக்கலாம், கேபிள் வழியாகவும் இருக்கலாம். காற்று வழியென்றால், மாடியிலுள்ள யூனிட் உங்கள் கைப்பேசியோடு பேசும் நேரத்தையும் கீழேயுள்ள யூனிட்டோடு பேசும் நேரத்தையும் பகிர்ந்தளிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு அலைவரிசை மட்டும் கொண்ட யூனிட்டுகளில் இதனால் ஒரு யூனிட்டிலிருந்து அடுத்த யூனிட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். இடையில் கான்கிரீட் தளம் இருந்தால் இன்னும் குறையும். கேபிள் வழியென்றால் இந்த இழப்பு எதுவும் இல்லை. விலையுயர்ந்த யூனிட்டுகளைக் காற்று வழியாக இணைப்பதைக் காட்டிலும், விலை குறைந்த யூனிட்டுகளைக் கேபிளால் இணைப்பது பெரும்பாலான வீடுகளில் நல்ல பலன் தரும். ஆகவே பட்ஜெட்டில் ஒரு பங்கைக் கேபிளுக்கும் எலெக்ட்ரீஷியன் கூலிக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியில் யூனிட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வீடு கட்டுபவர்களோ வெள்ளையடித்துப் பழுதுபார்ப்பவர்களோ இந்த வாய்ப்பை எக்காரணம் கொண்டும் விட்டுவிட வேண்டாம். சுவர் பூசுவதற்கு முன் ஒவ்வோர் அறைக்கும் ஒரு தனிக் குழாய் பதித்துவைத்தால் பிற்காலத்தில் எந்த வேலையும் எளிது.

கேபிள் கேட் 6 வகையாக இருக்கட்டும். ஒரு துண்டு 100 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதால் வீட்டுக்குள் நீளம் ஒரு பிரச்சினையே அன்று. கேட் 5இ கேபிள் ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால் அதுவும் ஒரு கிகாபிட் வேகம் தரும், மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. கேட் 6 என்று மேலுறையில் அச்சிட்டு, உள்ளே அலுமினியக் கம்பியின் மீது செம்புப் பூச்சு மட்டும் பூசிய கேபிள்கள் பாதி விலையில் விற்கப்படுகின்றன. கடையிலேயே ஒரு சிறு துண்டை வெட்டச் சொல்லி, ஓர் இழையின் பிளாஸ்டிக்கை உரித்து, பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செந்நிறமாக இருந்தால் முழுச் செம்பு. வெள்ளி போல மின்னினால் அலுமினியம். அலுமினிய இழை இரண்டு மூன்று முறை வளைத்தாலே ஒடிந்துவிடும், சில ஆண்டுகளில் இணைப்பும் தளர்ந்துவிடும். ஒருமுறை சுவருக்குள் போய்விட்ட கேபிளை மாற்றுவது கடினம் என்பதால், இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எலெக்ட்ரீஷியன்கள் வசதிக்காக மின்கம்பி செல்லும் அதே குழாயில் இதையும் நுழைக்க முற்படுவார்கள். அது பாதுகாப்பும் அன்று, சிக்னலுக்கும் நல்லதன்று. தனிக் குழாயோ, சுவரோரம் ஒட்டும் பிளாஸ்டிக் கேசிங்கோ வைக்கச் சொல்லுங்கள். முனையில் ஆர்ஜே 45 இணைப்பியைக் கிரிம்ப் செய்யும்போது, அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தும்போது, இரு முனைகளிலும் ஒரே நிற வரிசை இருக்க வேண்டும். இணைப்பியின் கொக்கி கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்பதே பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. எட்டு இழைகளும் இணைப்பியின் நுனிவரை சென்று தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே அழுத்த வேண்டும். ஓர் இழை தொடாமல் போனால்கூட இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றுவிடலாம், அல்லது வராமலே போகலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேபிள் டெஸ்டரை எலெக்ட்ரீஷியனிடம் கேட்டு, எட்டு விளக்குகளும் வரிசையாக எரிவதைப் பார்த்துவிட்டுக் கூலி கொடுங்கள்.

தோட்டத்தில் உள்ள தனி அறைக்கோ பக்கத்து மனையிலுள்ள வீட்டுக்கோ வெளிவழியாகக் கேபிள் கொண்டுபோவதாக இருந்தால், செம்புக் கேபிளைத் தவிர்ப்பது நல்லது. இடி மின்னல் காலத்தில் அதன் வழியே பாயும் மின்னதிர்வு இரு பக்கக் கருவிகளையும் எரித்துவிடக்கூடும். அந்தத் தொலைவுக்கு ஃபைபர் கேபிளும் இரு முனைகளிலும் ஒளிச் சிக்னலையும் மின் சிக்னலையும் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரும் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

யூனிட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

டிபி-லிங்க் நிறுவனத்தின் டெகோ, மெர்க்குசிஸ் நிறுவனத்தின் ஹேலோ, ஏசஸ் நிறுவனத்தின் ஜென்வைஃபை, நெட்கியர் நிறுவனத்தின் ஆர்பி எனப் பல வரிசைகள் உள்ளன. ஒரு வரிசையைச் சேர்ந்த யூனிட்டுகள் மற்றொரு நிறுவனத்தின் யூனிட்டுகளோடு பெரும்பாலும் சேர்ந்து இயங்காது. ஈஸிமெஷ் என்ற பொதுத் தரம் 2018-இல் வந்திருந்தாலும், புதியவர்கள் ஒரே வரிசையில் ஒரே தொகுப்பாக வாங்குவதே தொல்லையில்லாதது.

பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எண்களைக் காட்டிலும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள மூன்று விவரங்கள் முக்கியம். முதலில் கேபிள் துளைகளின் வேகம். மலிவான சில மாதிரிகளில் 100 எம்பிபிஎஸ் துளைகளே உள்ளன; 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவருக்கு அவை பயன்படா. கிகாபிட் துளை என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு யூனிட்டிலும் இரண்டு துளைகளாவது இருக்க வேண்டும். அடுத்து, கேபிள் பேக்ஹால் வசதியும் ஆக்சஸ் பாயின்ட் முறையும் உண்டா என்பது. மூன்றாவதாக, 802.11 தரத்தின் கே, வி, ஆர் ஆகிய உட்பிரிவுகளுக்கு ஆதரவு இருக்கிறதா என்பது. கைப்பேசி எந்த யூனிட்டோடு இணைவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கைப்பேசியே; இந்த மூன்று வசதிகளும் அதற்கு நல்ல யூனிட்டைக் காட்டிக்கொடுத்து, மாறும் நேரத்தைக் குறைக்கின்றன.

வைஃபை 5, வைஃபை 6, வைஃபை 7 ஆகிய தலைமுறைகளில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு என் விடை வைஃபை 6. ஒரே நேரத்தில் பல கருவிகள் இணையும் வீட்டில் நெரிசலை அது நன்றாகக் கையாள்கிறது, விலையும் இறங்கியிருக்கிறது. 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கொண்ட உயர்விலை மாதிரிகளுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. இந்தியாவில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018 அக்டோபரில்தான் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதிக்கான வரைவு விதிகள் 2025 மே மாதம் வெளியாயின. விதி எதுவானாலும், 5 கிகாஹெர்ட்ஸே திணறும் செங்கல் சுவரை 6 கிகாஹெர்ட்ஸ் எளிதில் கடந்துவிடாது. கேபிள் இழுக்கவே முடியாத வாடகை வீட்டில் இருப்பவர்கள் மட்டும், பேக்ஹாலுக்கென்று தனியாக ஓர் அலைவரிசை ஒதுக்கும் மூன்று அலைவரிசை மாதிரிகளுக்குக் கூடுதலாகச் செலவிடலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை இரண்டில் தொடங்குங்கள். தேவைக்கு மேல் யூனிட்டுகளை வைத்தால் அவை ஒன்றின் சிக்னலை மற்றொன்று குலைக்கும்.

மோடத்தோடு இணைக்கும் முறை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுவே. நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடம் தானே ஒரு ரவுட்டராகவும் இயங்குகிறது. அதற்குப் பின்னால் மெஷ் அமைப்பையும் ரவுட்டர் முறையில் மாட்டினால் வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள் உருவாகிவிடும். இணையப் பக்கங்கள் வழக்கம்போல் திறக்கும். ஆனால் மோடத்தில் மாட்டிய பிரிண்டர் மெஷ்ஷில் இருக்கும் கணினிக்குத் தெரியாது, கண்காணிப்புக் கேமராவின் பதிவுப் பெட்டி செயலியில் வராது, சில இணைய விளையாட்டுகள் மக்கர் செய்யும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, மெஷ் அமைப்பை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுவது. மோடமே ரவுட்டராகத் தொடரும்; மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும். மோடத்தோடு இணைந்த தரைவழித் தொலைபேசிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் எந்த இடையூறும் வராது. குழந்தைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் சில மாதிரிகளில் இம்முறையில் இயங்காமல் போகலாம். மற்றொன்று, மோடத்தின் ரவுட்டர் வேலையை நிறுத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றி, மெஷ்ஷின் முதன்மை யூனிட்டையே ரவுட்டராக்குவது. இதற்கு வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்க வேண்டும். பயனர் பெயர் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ முறையில் இணைப்புத் தரும் நிறுவனம் என்றால் பயனர் பெயர், கடவுச்சொல், தேவைப்பட்டால் விலேன் எண் ஆகியவற்றையும் பெற்றுக்கொள்ள வேண்டும். தரைவழித் தொலைபேசி தொடர்ந்து இயங்குமா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் பிரிட்ஜ் முறைக்கு இசைவதில்லை. புதியவர்களுக்கு முதல் வழியையே பரிந்துரைக்கிறேன்.

எந்த வழியாயினும், மோடத்தின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். மோடத்தின் அடியில் ஒட்டியுள்ள தாளில் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 என்று உலாவியில் தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே 2.4, 5 ஆகிய இரண்டையும் தனித்தனியே அணைக்க வேண்டியிருக்கும். அணைக்காவிட்டால் கைப்பேசிகள் பழைய வைஃபையையே பிடித்துக்கொண்டிருக்கும், புதிய அமைப்பு வேலை செய்யவில்லை என்று தோன்றும். ஆனால் இதைக் கடைசியில் செய்யுங்கள். மெஷ் இயங்கத் தொடங்கும் முன் அணைத்தால் வீட்டில் இணையமே இல்லாமல் போகும்.

பொருத்தும் வரிசை

முதன்மை யூனிட்டை மோடத்தின் லேன் துளையில் இணைத்து, மின்சாரம் கொடுத்து, நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் நிறுவி, அது காட்டும் படிகளைப் பின்பற்றுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது, மோடத்தில் இருந்த பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்தால், வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கேமரா, பிரிண்டர் எல்லாம் தாமாகவே இணைந்துகொள்ளும். பழைய கடவுச்சொல் ஊருக்கே தெரிந்த தொலைபேசி எண்ணாக இருந்தால், கொஞ்சம் சிரமம் பார்க்காமல் புதியதை வைத்து ஒவ்வொன்றையும் மீண்டும் இணையுங்கள்.

துணை யூனிட்டுகளை முதலில் முதன்மை யூனிட்டின் அருகிலேயே வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, உரிய இடத்துக்குக் கொண்டுபோய் மீண்டும் மாட்டினால், அவை அமைப்பை நினைவில் வைத்திருக்கும். கேபிள் பேக்ஹால் என்றால், மெஷ் ரவுட்டர் முறையில் இருக்கும்போது துணை யூனிட்டின் கேபிள் முதன்மை யூனிட்டிலிருந்தோ, அதனோடு இணைந்த நெட்வொர்க் ஸ்விட்ச் எனும் பல கேபிள் துளைகள் கொண்ட பெட்டியிலிருந்தோ வர வேண்டும். மோடத்திலிருந்து நேராக வரக் கூடாது. ஆக்சஸ் பாயின்ட் முறையில் மோடத்திலிருந்தும் கொடுக்கலாம்.

காற்று வழி பேக்ஹால் என்றால் இடத்தேர்வில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிக்னல் இல்லாத அறைக்குள்ளேயே யூனிட்டை வைப்பது இயல்பாகத் தோன்றும், ஆனால் சிக்னல் கிடைக்காத இடத்தில் யூனிட்டுக்கும் சிக்னல் கிடைக்காது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் இறைக்க முடியும். நீங்கள் குறித்த தாளில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 60 முதல் 65 வரை காட்டும் இடமே துணை யூனிட்டுக்கு உகந்தது. மாடிக்கு என்றால் படிக்கட்டின் மேல்முனை பெரும்பாலும் அத்தகைய இடமாக அமையும். தரையில் வைக்காமல் நான்கைந்து அடி உயரத்தில், திறந்த அலமாரியில் வையுங்கள்; மர அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னோ மறைக்க வேண்டாம். மூன்று யூனிட்டுகள் இருந்தால் முதன்மை யூனிட்டை நடுவில் வைத்து, மற்ற இரண்டும் அதனோடு நேரடியாகப் பேசுமாறு அமையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியாக்கினால் கடைசி யூனிட்டின் வேகம் இரட்டிப்பாக அடிவாங்கும்.

தொடுவதற்குரிய அமைப்புகள் மிகச் சிலவே. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ 2, டபிள்யூபிஏ 3 இரண்டும் கலந்ததாக வையுங்கள். விருந்தினருக்கென்று தனி வைஃபையை இயக்கி, ஸ்மார்ட் பிளக், மின்விசிறி போன்ற சிறு கருவிகளையும் இயன்றால் அதிலோ அதற்கென உள்ள தனிப்பிரிவிலோ சேருங்கள். அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். முதன்முறை சேர்க்கும்போது மறுத்தால் 5 கிகாஹெர்ட்ஸை ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேர்க்கலாம். அலைவரிசைக்குள் உள்ள சேனல்களாகிய அலைத்தடங்களைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிடலாம். கையால் தேர்ந்தெடுக்க மாதிரி இடம் கொடுத்தால், 2.4-இல் 1, 6, 11 ஆகிய மூன்றில் நெரிசல் குறைந்த ஒன்றையும், 5-இல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை உள்ளவற்றில் ஒன்றையும் எடுங்கள். 52 முதல் 144 வரையிலான தடங்களை ராடார்களும் பயன்படுத்துவதால், அவற்றின் அலை தென்பட்டால் யூனிட் உடனே தடம் மாறியாக வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இதனால் இணைப்பு அவ்வப்போது அறுந்து வரும்.

மின்வெட்டுக்கு ஏற்பாடு

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும்போதெல்லாம் மோடம் அணைந்து எரிகிறது என்றால், இன்வெர்ட்டரின் பின்புறத்தில் சாதாரண முறை, யுபிஎஸ் முறை என்று மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். யுபிஎஸ் முறையில் மாறும் நேரம் குறைவு என்பதால் மோடம் அணையாது. இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரவுட்டர்களுக்கென்றே மினி யுபிஎஸ் கிடைக்கிறது. மினி யுபிஎஸ்ஸின் வோல்ட், அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டோடு ஒத்திருக்க வேண்டும்; அதன் ஆம்பியர் அடாப்டரில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். மோடம், முதன்மை யூனிட், துணை யூனிட்டுகள், இடையிலுள்ள ஸ்விட்ச் ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு தேவை. ஒன்று விடுபட்டாலும் அதற்குப் பின்னுள்ள அறைகளில் இணையம் நின்றுவிடும். பலத்த இடி இடிக்கும்போது அடாப்டர்களைக் கழற்றி வைப்பது இன்றும் நல்ல பழக்கமே.

சோதனையும் பின்னர் பார்ப்பதும்

எல்லாம் பொருத்தியதும் முதலில் வரைந்த தாளை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் மீண்டும் அளந்து, எண்களைப் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு வீட்டில் உள்ள ஒருவருக்குக் காணொளி அழைப்பு போட்டு, கூடத்திலிருந்து பேசிக்கொண்டே மாடி ஏறுங்கள். ஓரிரு நொடி படம் தேங்கிப் பின் சரியானால் அது இயல்பு. மாடியறைக்குள் போன பிறகும் கைப்பேசி கீழ்த்தள யூனிட்டையே பிடித்துக்கொண்டிருப்பதாகச் செயலி காட்டினால், கீழ்த்தள யூனிட்டின் ஒலிபரப்பு வலிமையை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம், அல்லது மேலேயுள்ளதைச் சற்றே அறையின் பக்கமாக நகர்த்தலாம். ஒரு பழைய கைப்பேசியோ பிரிண்டரோ மட்டும் இணைய மறுத்தால், செயலியில் விரைவு ரோமிங் என்றிருக்கும் வசதியை அணைத்துவிட்டு முயலுங்கள், அது 802.11 ஆர், பழைய கருவிகள் சில அதனோடு ஒத்துப்போவதில்லை. மென்பொருள் புதுப்பிப்பு இரவில் தானாக நடக்குமாறு வைத்துவிடுங்கள்.

சில மாதங்கள் நன்றாக இயங்கிய பிறகு ஓர் அறையில் திடீரென வேகம் குறைந்தால், நிறுவனத்தை அழைக்கும் முன் செயலியைத் திறந்து அந்த அறையின் யூனிட் கேபிளால் இணைந்திருக்கிறதா, காற்று வழியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெருக்கும்போதோ மேசையை நகர்த்தும்போதோ கேபிள் சற்றே தளர்ந்தால், யூனிட் எந்த எச்சரிக்கையும் தராமல் காற்று வழிக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கும். இணைப்பியைக் கழற்றி, கொக்கி சொடுக்கென்று விழும்வரை மீண்டும் அழுத்திச் செருகிய பின், செயலியில் கேபிள் என்ற குறி திரும்ப வருவதைப் பார்த்துவிட்டு வேகத்தை அளந்து பாருங்கள்.